கடலுக்குக் கொடுத்த முகம்

பவளராணி அக்காவுக்கு முழங்கால் நோ. எனக்குக் குதிக்கால் நோ. பலெர்மோவில் பத்து வருடத்துக்கு மேல் அடுத்தவர் வீட்டைத் துடைத்த எங்கள் பெண்களில் ஒரு நோவும் இல்லாத ஒருத்தியைக் காட்டுங்கள், என் செலவில் அவளுக்குக் கோப்பி வாங்கித் தருகிறேன். ஆனால் ராணியக்காவின் களைப்பு வேலையில் வந்த களைப்பு இல்லை. விமானத்தால் இறங்கும்போதே அவரோடு சேர்ந்து இறங்கியது.

நான் விஜிதா. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சுற்றுலாக்காரர் தங்கும் அறைகளைத் துப்புரவாக்குகிற வேலை. ஒரேத்தோத் தெருவில் ராணியக்காவும் அவருடைய கணவர் நகுலேஸ்வரனும் இருக்கும் வீட்டில் எனக்கு ஓர் அறை. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே குசினி, ஒரே குளியலறை. ஒரு மனுசியை அறிய இதைவிட என்ன வேண்டும்? அக்கா சோறு வடிக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவரோடு கதைக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவேன்.

அவருடைய கதை வன்னிச் சனம் எல்லோருடைய கதையும்தான். அதனால் அவர் அதைச் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைக்கத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். நகுலண்ணை அந்தக் கடலில் மீன் பிடித்தவர். இரண்டாயிரத்து ஏழில் நகுலண்ணை எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்குக் கடதாசி அலுவல் நடந்துகொண்டிருந்தது. அது நடந்துகொண்டே இருக்க, அங்கே பாதை பூட்டியது, சண்டை பெருத்தது. இரண்டாயிரத்து ஒன்பதில், எல்லாம் முடியப் போகிற நேரத்தில், ஷெல் விழுந்து மகள் ஜெனுஷா செத்துப்போனாள். ஒன்பது வயது. இருந்த பங்கருக்குள்ளேயே பிள்ளையைக் கிடத்தி, கையால் மணல் அள்ளி மூடினார் அக்கா. சனம் எழும்பி நடக்கத் தொடங்கியது. பின்னால் வெடிச்சத்தம். அவரும் நடந்தார். பிறகு முகாம். பிறகு அந்த இடத்துக்குப் போகக் கேட்டபோது விடவில்லை. விட்டபோது எல்லா மணலும் ஒரே மணலாகக் கிடந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் தனியே பலெர்மோவில் வந்து இறங்கினார். இதை அவர் வாயால் நான் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது. மடித்து முடித்ததும் கதையும் முடிந்தது.

அக்காவுக்குக் கிடைத்தது பதாந்தே வேலை, வயது போனவர்களோடு இருந்து பார்க்கிற வேலை. பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் நல்ல பெரிய வீடு. மாபிள் படிகள், பித்தளைப் பிடி வைத்த லிஃப்ட், அதில் நாங்கள் ஏறினால் மேலும் கீழும் பார்க்கிற சின்யோராக்கள். அங்கே லொரென்சோ என்றொரு கிழவர் தனியே இருந்தார். கட்டடப் படம் கீறுகிறவர். மனைவி செத்துப்போய் நெடுங்காலம். மகள் ஜூலியா தோரினோவில் பள்ளிக்கூட ஆசிரியை, மாதத்தில் ஒருமுறை வந்து போவார். கிழவர் பல்கலைக்கழகத்தில் கொஞ்சக் காலம் படிப்பித்ததால் கடைக்காரர் முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவர் புரொபெசோரே. அக்காவுக்கும் அப்படியே.

இளவயதில் புரொபெசோரே சிரியாவில் வேலை செய்திருக்கிறார். பல்மிரா என்ற இடத்தில், பாலைவனத்தின் நடுவே, இரண்டாயிரம் வருடப் பழைய கோயில் ஒன்று இடிபாடாக நின்றதாம். அதை ஒவ்வொரு கல்லாக அளந்து கீறுவது அவருடைய வேலை. அந்த நாளில் அங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்துவிட்டார். கோயில் மதிலுக்கு வெளியே கற்குவியலில் கிடந்தது, சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்வார். சொல்லும்போது மட்டும் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அக்கா வேலைக்குப் போன முதல் நாளே அந்தக் கல்லைப் பற்றித்தான் வந்து சொன்னார்.

"விஜி, அந்த வீட்டு ஹோலுக்கை ஒரு அம்மன் இருக்கிறா. மூக்கில்லை. ஒரு பக்கக் கன்னமும் இல்லை. பின்னப்பட்ட சாமியை ஆரும் வீட்டுக்கை வைச்சிருப்பினமே?"

"அது சாமியோ ராசாத்தியோ, ஆருக்குத் தெரியும் அக்கா? வடிவுக்கு வைச்சிருப்பினம்."

"கோயிலிலை இருந்து வந்தது எண்டு அந்த மனுசனே சொல்லுது. கோயிலிலை இருந்து வந்தால் சாமிதானே."

அக்காவின் இந்த நியாயத்தை யாராலும் உடைக்க முடியாது. நானும் மினக்கெடவில்லை. பிறகு ஒருநாள் அக்காவுக்கு உதவியாக யன்னல் துடைக்கப் போனபோது அதைப் பார்த்தேன். குட்டை அலுமாரிக்கு மேலே, தேங்காயளவில், வெளிறிய மஞ்சள் கல். தலையில் முக்காடு. மிஞ்சியிருந்தது ஒரு கண்ணும் பாதி உதடும்தான். அதற்கே ஒரு பெண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கத்து யன்னலை அக்காவிடமே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா அந்த முகத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார். சனிக்கிழமை காலையில் புரொபெசோரே ஒரு மெல்லிய தூரிகையை எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார். அடுத்த வெள்ளி மறுபடி பொட்டு. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. அவர்கள் கதைத்துக்கொண்டதெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவார். அவர் சிரிக்கிறதென்றால் அந்த நேரத்தில்தான்.

"எங்கடை ஊரிலை பின்னப்பட்டால் கடலிலை விட்டிடுவினம், புரொபெசோரே. பிறகு புதுசு வைப்பினம்."

"உடைந்தால் எறிவதா, ராணி? உடைந்ததைத்தான் கவனமாக வைத்திருக்க வேண்டும்."

"எறியிறேல்லை. அனுப்பிறது. பால் வார்த்து, மஞ்சள் பூசி, மரியாதையா."

"அப்படியென்றால் என்னையும் கொண்டுபோய்க் கடலில் விடு. என் இடுப்பும் உடைந்ததுதான்."

"உங்களுக்கு மூக்கு இருக்குத்தானே."

இரண்டாயிரத்துப் பதினைந்து ஆவணி வெக்கையில், யன்னல் பலகைகளை இறக்கிவிட்டு இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. ஆயுதக்காரர் பல்மிராக் கோயிலுக்கு வெடிவைத்துவிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களைக் காட்டினார்களாம். முதல் படத்தில் கோயில் நின்றது. இரண்டாவதில் வெறும் திடல், அதில் ஒரு வாசல் மட்டும் தனியே. புரொபெசோரே சத்தத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஒவ்வொரு கல்லையும் தொட்டு அளந்த கைகள்.

இத்தாலிய மொழியில் ஆறுதல் சொல்ல அக்கா படித்திருக்கவில்லை. தமிழிலேயே அவருக்கு அது வராது. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, தன் ஊர் அம்மன் கோயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாராம். தான் கலியாணம் கட்டின கோயில். ஷெல் கூரையைப் பிய்த்துக்கொண்டு மூலஸ்தானத்துக்குள் விழுந்தது. அம்மனின் இடது கை போய்விட்டது. சனம் திரும்பப் போனபோது முதல் வேலையாக அம்மனைக் கடலுக்குத்தான் கொண்டுபோனார்கள். தங்கள் வீடுகளுக்குக் கூரை போடுவதற்கு முதல்.

புரொபெசோரே அந்தக் கோயிலில் எத்தனை தூண் என்று கேட்டார். அக்கா சொன்னார். மணிக்கூண்டு எந்தப் பக்கம்? கிணறு எங்கே? மடைப்பள்ளி எவ்வளவு அகலம்? கடதாசியும் பென்சிலும் எடுத்து, அக்கா சொல்லச் சொல்லக் கீறினார். வேம்பு பிழையான பக்கம் வந்துவிட்டது என்று அக்கா சொன்னதும் அழித்துவிட்டு மறுபடி கீறினார். இரண்டு பேரும் சாப்பாட்டையும் மறந்து போனார்கள். அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் இருக்கிறது. எண்ணெய்ப் புகை ஏறிப் பழுப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், நல்ல காலம் நீங்கள் இந்த முகத்தைக் கொண்டுவந்தீர்கள், அங்கே இருந்திருந்தால் தூளாகியிருக்கும் என்று சொல்லத் தொடங்கினார்கள். புரொபெசோரேக்கு அது பிடிக்கவில்லை. காப்பாற்றுவதற்காக நான் எடுக்கவில்லை, ஆசைக்கு எடுத்தேன் என்று எரிந்து விழுவார். ஒருநாள் இது திரும்பப் போக வேண்டும் என்று அவர் மனதில் அப்போதே விழுந்துவிட்டது. ஆனால் எரிகிற நாட்டுக்கு ஒரு கல்லை யார் கொண்டுபோவது?

வருடங்கள் போயின. இரண்டாயிரத்து இருபத்துநான்கு மார்கழியில் சிரியாவில் ஆட்சி கவிழ்ந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு வந்த ஜூலியாவிடம் புரொபெசோரே, நான் கண்ணை மூட முதல் இதை அனுப்பிவிடு என்று சொன்னார். ஜூலியாவும் பல இடங்களுக்கு எழுதிக் கேட்கத் தொடங்கினார். இதில் ஒரு சொல்லும் ராணியக்காவின் காதில் விழவில்லை. பதாந்தேக்கு யார் இதெல்லாம் சொல்வார்கள்? மருந்து நேரம் சொல்வார்கள். சவர்க்காரம் முடிந்தால் சொல்வார்கள்.

தையில் புரொபெசோரேக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அவருடைய கண் எந்நேரமும் அந்தக் கல்லின் மேல். பார்த்துக்கொண்டே இருப்பார், கண்ணீர் காதுப்பக்கமாக வழியும். அக்கா துடைப்பார். மறுபடி வழியும். சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை, இரவெல்லாம் அனுங்கல். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இனி எந்த நேரமும் உயிர் போகலாம் என்று சொன்னார். ஆனால் போகவில்லை. மாசி முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்தார். அக்காவும் அந்த வீட்டிலேயே தங்கி, கதிரையில் இருந்தபடி தூங்கி, கால் இரண்டும் வீங்கிப்போனார்.

"அவதான் விடுறா இல்லை, விஜி," என்று போனில் சொன்னார். "பின்னப்பட்டு இவ்வளவு காலம் ஒரு வீட்டுக்கை இருத்தி வைச்சிருக்கு. அவவுக்கும் போகேலாது, இவருக்கும் போகேலாது."

"மருந்திலை போகாத வருத்தத்தைக் கல்லை நகர்த்தியோ போக்கப்போறியள்?"

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்."

எனக்கென்ன தெரியும். நான் போனை வைத்துவிட்டு நித்திரைக்குப் போனேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா முடிவெடுத்துவிட்டார். செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாள். பின்னேரம் அவருக்குக் கொஞ்சநேரம் ஓய்வு உண்டு. அந்த நேரம் மேல்மாடியில் வேலை செய்கிற கொலெட் வந்து புரொபெசோரேயோடு இருப்பாள். கொலெட் மொரீசியஸ்காரி. பாட்டன் பூட்டன் காலத்தில் போன தமிழ் ஆட்கள். தமிழ் கதைக்கத் தெரியாது, ஆனால் வருடம் தவறாமல் காவடிக்கு விரதம் பிடிப்பாள். குளியலறைத் தொட்டிக்குள் கல்லை வைத்து அக்கா பால் வார்த்தபோது, என்ன ஏது என்று கேட்காமலே அவளும் கைகூப்பிக்கொண்டு நின்றாளாம். மஞ்சளை நன்றாகக் குழைத்து முகம் முழுக்கப் பூசி, பொட்டு வைத்து, சிவப்புச் சேலைத் துண்டொன்றால் சுற்றினார். வேப்பிலைக்கு இங்கே எங்கே போவது? பால்கனியில் நின்ற எலுமிச்சையில் நாலு இலை பறித்து வைத்தார். சில்லு வைத்த சந்தைப் பைக்குள் அம்மனை இருத்தி, பஸ் பிடித்து, ஒரேத்தோ ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு வந்து, இடுப்பளவு தண்ணீர் வரை நடந்துபோய், மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். ஊரில் எப்படிச் செய்தார்களோ அப்படியே. ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்றிரவு புரொபெசோரே நிம்மதியாகத் தூங்குவார் என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது வேறு. வெறும் அலுமாரியைப் பார்த்துவிட்டு அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். இடது கையால் கட்டில் கம்பியில் அடித்தார். விடியும்வரை அடித்தார். நான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு அப்பவே விளங்கிப்போச்சு என்று அக்கா பிறகு சொன்னார்.

புதன் காலை ஜூலியா வந்து இறங்கினார். பெட்டியை வைத்த கையோடு அலுமாரியைப் பார்த்தார்.

"ராணி, அந்த முகம் எங்கே?"

"கடலிலை விட்டிட்டன், சின்யோரா."

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்ல அவரிடம் தெம்பு இருந்திருக்காது. ஜூலியா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா நத்தாருக்குக் கேட்டது. தான் எழுதியது. ரோமில் ஒரு பல்கலைக்கழகத்தார் பொறுப்பெடுக்கச் சம்மதித்தது, அங்கிருந்து அது சிரியாவுக்குப் போக இருந்தது. நாளை வியாழக்கிழமை ஆள் வருகிறார். தினமும் நான் போன் எடுத்து, வருகிறார்கள் அப்பா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், அது போவதைக் காண்பதற்காக என்றார் ஜூலியா. அந்தப் போனைக் கிழவரின் காதில் பிடித்துக்கொண்டு நின்றவரே அக்காதான். பிடித்தபடி, அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

ஜூலியா கத்தவில்லை. வீட்டுக்குப் போங்கள், ராணி என்று மட்டும் சொன்னார்.

"ரெண்டு அடி போட்டிருந்தாலும் தாங்கியிருப்பன்," என்றார் அக்கா, மத்தியானம் எங்கள் குசினி வாசலில் நின்றுகொண்டு. மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நகுலண்ணை பல்லரோ சந்தையில் மீன் வெட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் இறங்கினால் எடுத்திடலாம். வைச்ச இடம் எனக்குத் தெரியும்."

நகுலண்ணை கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். அவர் குறைவாகக் கதைக்கிற மனுசன்.

"கடலுக்குக் குடுத்ததைத் திரும்பக் கேக்கக்கூடாது, ராணி. ஒருக்கா எங்கடை அப்பான்ரை வலையிலை சூலம் ஒண்டு வந்தது. ஆரோ விட்ட சாமிச் சாமான். மனுசன் கும்பிட்டுத் திருப்பி விட்டவர். அதுக்குப் பிறகு மூண்டு நாள் தொழிலுக்குப் போகேல்லை. நான் தொடமாட்டன்."

"அப்ப நான் போறன்," என்று அக்கா துவாயை எடுத்தார்.

நானும் போனேன். வேறு என்ன செய்வது? முழங்கால் நோக்காரியைத் தனியே கடலுக்குள் விடலாமா? நகுலண்ணையும் பின்னால் வந்தார், கடலில் இறங்குவதற்கு அல்ல, அக்கா மூழ்கிப்போகாமல் பார்ப்பதற்கு. மூன்று பேரும் நடந்தே போனோம். ஆறு கடலில் விழுகிற அந்த இடத்தைக் கடற்கரை என்று சொன்னால் கடற்கரைக்கே வெட்கம். உடைந்த ஓடு, பிளாஸ்டிக் போத்தல், பாதி சக்கடச் சேற்றில் புதைந்த டயர். முதல்நாள் இரவு மழை பெய்ததால் தண்ணீர் மண்நிறத்தில் இருந்தது. பங்குனிக் காற்று எலும்பில் போய் இறங்கியது. இந்தக் கோதாரிக் கல்லை அறுபது வருடத்துக்கு முதல் அந்தக் கிழவர் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எங்களுக்கு இந்தப் பாடு உண்டா என்று நான் வாய்விட்டே திட்டினேன்.

அக்கா வீட்டுச் சட்டையோடு இறங்கினார். இடுப்பு வரை போய், காலால் தடவித் தடவி நடந்தார். குனிந்து எடுத்தால் வெறும் செங்கல். எறிந்துவிட்டு மறுபடி தடவினார். மறுபடி ஏதோ இரும்பு. உதடு நீலம் பாரித்துவிட்டது. அலை வந்து தள்ள ஒருமுறை விழுந்து எழும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, காணும், வெளியிலை வாங்கோ. நாளைக்கு உங்களைத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டி வரும். ஆத்துத் தண்ணி எங்கை இழுத்துக்கொண்டு போச்சோ. விட்டது விட்டதுதானே."

அக்கா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. கரையில் கைகட்டி நின்ற நகுலண்ணையைப் பார்த்தார்.

"நான் பிள்ளையை விட்டிட்டு வந்தனான்," என்றார். கத்தவில்லை, வீட்டில் உப்பு எங்கே என்று சொல்கிற அதே குரல். "ஏன் விட்டிட்டு வந்தனீ எண்டு நீங்கள் ஒருக்காத்தான் கேட்டனீங்கள். எனக்கு அது ஒவ்வொரு நாளும் கேக்குது. திரும்பிப் போய் எடுக்க ஒரு வழி இருந்திருந்தால், தோண்டியெண்டாலும் எடுத்திருப்பன். சாமி குத்தமோ பேய்க் குத்தமோ, நான் பாத்திருக்கமாட்டன். இதுக்கு வழி இருக்கு. இடுப்பளவு தண்ணிதான்."

நான் நகுலண்ணையின் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. காலுறையை உருட்டிச் சப்பாத்துக்குள் வைத்தார். சேட்டைக் கழற்றி என் கையில் தந்தார். கரையில் குனிந்து மூன்று தரம் கடல்தண்ணியைத் தலையில் தெளித்தார். பிறகு நடந்து உள்ளே போனார்.

ஆற்று இழுவை எந்தப் பக்கம் என்று ஒரு கணம் நின்று பார்த்தார். அக்கா நின்ற இடத்துக்குத் தெற்கே தள்ளிப்போய் மூச்சுப் பிடித்து மூழ்கினார். ஒருமுறை வெறுங்கை. இரண்டாம் முறையும் வெறுங்கை. மூன்றாம் முறை நெடுநேரம் காணவில்லை, நான் சேட்டைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிறகு தலை வந்தது. இரண்டு கையிலும் சிவப்புத் துணி சுற்றிய பொதி. அக்கா தண்ணீருக்குள்ளேயே கிட்டப் போய் அதை வாங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அந்தச் சக்கடத் தண்ணிக்குள் நின்றார்கள். அண்ணை அழுதார். பன்னிரண்டு வருடத்தில் நான் காணாத அழுகை. வெளியிலை வாங்கோ என்று நான் குரல் கொடுக்கவில்லை, இருவரும் நிற்கட்டும் என்று விட்டேன்.

சந்தைப் பைக்குள் வைப்போம், பாரம் என்று சொன்னேன். அக்கா கேட்கவில்லை. வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தார். பாதி வழியில் அண்ணை வாங்கினார். பிறகு மறுபடி அக்கா.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். கதவைத் திறந்த ஜூலியா பொதியைப் பார்த்துவிட்டு அக்காவின் தோளில் கையை வைத்தார். ரோமில் இருந்து வந்தவர் இளைஞர், கண்ணாடிக்காரர், நல்ல பிள்ளை. பஞ்சு வைத்த பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு, புரொபெசோரே பார்க்கும்படி கல்லை வைத்தார். கிழவர் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணும் அவரைப் பார்த்தது. தலை உருட்டல் நின்றது.

கடல் தண்ணியில் பொட்டு போய்விட்டது. மஞ்சள் போகவில்லை. முக்காட்டு மடிப்பிலும் கண்ணிமையைச் சுற்றியும் நன்றாக ஏறி நின்றது. இது என்ன நிறம் என்று அந்தப் பிள்ளை ஜூலியாவைக் கேட்டது. ஜூலியா அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார். பிள்ளை பையைத் திறந்து ஒரு மெல்லிய தூரிகையை எடுத்து மடிப்பைத் துடைக்கக் குனிந்தது.

புரொபெசோரேயின் இடது கை மேசைவரை வந்தது. எப்படி வந்ததோ தெரியாது. தூரிகை பிடித்த மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. பிள்ளை திகைத்து நின்றது. அந்தக் கை விடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் சனிக்கிழமை தவறாமல் அந்த மஞ்சளைத் துடைத்த கை.

"அப்படியே வையுங்கள்," என்றார் ஜூலியா.

அப்படியேதான் பெட்டிக்குள் போனது. மூடி பூட்டுப்படும்வரை கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் இரண்டு கரண்டி சூப் குடித்தார். அடுத்த கிழமை, அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அனுங்கல் இல்லாமல் போய்விட்டார்.

அக்கா இப்போது அதே தெருவில் வேறொரு வீட்டில் வேறொரு கிழவியைப் பார்க்கிறார். அந்த வீட்டில் கல் ஒன்றும் இல்லை, மூன்று பூனைகள் இருக்கின்றன. முழங்கால் நோ அப்படியே. மாலையில் வந்ததும் நகுலண்ணை தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பார். முன்பு இது இல்லை. நான் என் குதிக்காலை நானே தேய்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஜூலியா போன் எடுத்தார். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நின்றார். முகம் இன்னும் ரோமில் ஒரு அலுமாரிக்குள்தான் இருக்கிறதாம். அனுப்புவதற்குக் கடதாசி அலுவல் நடந்துகொண்டிருக்கிறதாம். மேசையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நகுலண்ணையின் கத்தி நின்றது. அக்கா பானையை இறக்கி வைத்துவிட்டு போனுக்குக் கிட்ட வந்தார்.

"எவ்வளவு காலமெண்டாலும் திருப்பித் திருப்பிக் கேளுங்கோ, சின்யோரா," என்றார், தன் உடைந்த இத்தாலிய மொழியில். "நடக்குது எண்டு சொல்லுவினம். நம்பிக்கொண்டு இருந்திடாதேங்கோ."